பதினோராவது ரத்து

காலை ஒன்பதரை மணிக்கு என் முன்னால் ஒரு தலை நுரையோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இன்னொரு தலை, வெள்ளித்தாள் சுற்றி, சாயம் ஏறுவதற்காகக் காத்திருந்தது. நான் ஒருத்தி, எனக்கு இரண்டே கை. பின்னறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு முடி கொட்டுதா, இல்ல உடையுதா? ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. தலையணையில கெடக்கிற முடியை எடுத்துப் பாரு. ஒரு முனையில வெள்ளையா, குட்டியா வேர் ஏதாவது இருக்கா?... இல்லையா? அப்ப அது கொட்டலை, உடையுது. அதுக்கு எதுக்கு இந்த ஷாம்பு?"

எனக்குப் பகீரென்றது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே பின்னறைக்கு ஓடினேன்.

"வேணாம்மா, வாங்காத. நானே கேன்சல் பண்ணிடறேன். ஐயோ, எனக்கென்ன சிரமம்?"

நான் வாசலைத் தாண்டுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். ஆன்லைன் கடை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் அது ஏழாவது ரத்து. அவளுக்கென்ன சிரமமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் துண்டைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தேன், அது போய்க் கண்டிஷனர் பாட்டில்களின் மேல் விழுந்தது, மூன்று பாட்டில் கீழே உருண்டது. அதையும் நான்தான் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது.

"அக்கா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். கடைன்னா விக்கறதுக்குத்தான். வாங்க வர்றவங்களை விரட்டறதுக்கு இல்ல."

"விரட்டலையே. உண்மையைச் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு முடி உடையுது. சூடு வெச்சு வெச்சு நேராக்கிட்டிருக்கா. அதுக்கு நம்ம ஷாம்பு என்ன பண்ணும்?"

"நீ அந்தத் தலையைப் பார்த்தியா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தலையைப் பார்க்காம எப்படிடி கொடுக்கறது?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவள் என் உயிரை வாங்கினாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து இந்தப் பார்லரைத் தொடங்கிப் பத்தொன்பது வருடம். கீழே கடை, மேலே வீடு. எனக்கு வெட்டு நன்றாக வரும். அக்காவுக்கு எல்லாமே வரும். ஒரு தலைக்குள் விரலைவிட்டு நான்கு தடவை அளைந்தால் போதும், என்ன தண்ணீரில் குளிக்கிறாய், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாய், போன மாதம் காய்ச்சலில் கிடந்தாயா என்று கேட்பாள். தெருவில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவளிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அந்தக் கைக்குத்தான் போன வருடம் வினை வந்தது. சாயம், பிளீச், முடியை நேராக்கும் க்ரீம் என்று பத்தொன்பது வருடம் அளைந்த கை. முதலில் விரலிடுக்கில் அரித்தது. பிறகு தோல் வெடித்தது. பிறகு ஷாம்பு பட்டால்கூட ரத்தம் கசிந்தது. ரப்பர் உறை போட்டால் இன்னும் மோசம், அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. தோல் டாக்டர் மூன்று மாதம் களிம்பு எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையை விரித்துவிட்டார். இனி இந்த மருந்து எதையும் தொடவே கூடாது, தொட்டால் கை கையாக இருக்காது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா தன் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தாள். இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் அண்ணன் போன் செய்தான். வேறு ஊரில் இருக்கிறான். அவனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். நாலு வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று கிழக்கே ஓடினால் இன்னொன்று மேற்கே ஓடும்.

"அவளை இங்க அனுப்பிடு. கைக்கும் ஓய்வு. பிள்ளைங்களையும் பார்த்துக்கிட்ட மாதிரி ஆச்சு. அங்க உக்காந்து என்ன பண்ணப் போறா?"

நான் அக்காவிடம் அப்படியே சொன்னேன். என்னுடைய புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அண்ணன் கூப்பிடறான், என்ன சொல்றே?' என்று கேட்டேன், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அங்க போனா நான் ஆயாதான். ஆனா இங்க இருந்து உனக்குப் பாரமா இருக்கறதுக்கு அது தேவலை" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆன்லைன்ல விக்கலாம்க்கா. நீ அதைப் பார்த்துக்க" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பார்லரில் நாங்கள் வாங்கிவைத்து விற்கிற ஷாம்பு, கண்டிஷனர், சீரம், சீப்பு, க்ரீம் எல்லாவற்றையும் பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் ஏற்றுவது. எல்லாம் மூடி போட்ட பாட்டில்தான், அக்காவின் கைக்கு ஆபத்தில்லை. பருத்தி உறை போட்டுக்கொண்டு பெட்டி மடிப்பாள், பார்சல் கட்டுவாள். அண்ணனிடம் மூன்று மாதம் கேட்டேன். "சரி, மூணு மாசத்துல கடை ஓடிச்சுன்னா இருக்கட்டும், ஓடலைன்னா வரட்டும்" என்றான். அக்காவும் அதற்கு ஒத்துக்கொண்டாள்.

கடையை ஏற்றிக் கொடுத்தது என் வீட்டுக்காரரின் தம்பி. நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைன் வியாபாரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற பிறவி. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் நிபுணர். அவனுக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவோம், அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான்.

நிபுணர் முதல் நாளே எங்கள் தலையில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தான். "அண்ணி, ரீச் முக்கியம். அப்புறம் எமோஷன். பார்க்கிறவங்க மனசு பதறணும். 'ஏழே நாளில் அடர்த்தி'ன்னு போடுங்க."

"ஏழு நாள்ல நகம்கூட வளராதுப்பா" என்றாள் அக்கா.

"அதெல்லாம் அப்படித்தான் போடணும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

அவன் போட்டுவிட்டுப் போனான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா அழித்தாள். அழித்ததோடு விட்டாளா? ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் தானே விவரம் எழுதினாள். நேராக்கும் க்ரீமுக்குக் கீழே, 'அவசியம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். சுருட்டை முடி ஒரு குறை அல்ல.' நரைச் சாயத்துக்குக் கீழே, 'நரை நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் ஒரு தரம் கேட்டுவிட்டு வாங்கவும்.' விலை அதிகமான சீரம் ஒன்று உண்டு, அதுதான் எங்களுக்கு நாலு காசு நிற்கிற சரக்கு. அதற்குக் கீழே, 'இரண்டு சொட்டு போதும். ஒரு பாட்டில் எட்டு மாதம் வரும். இரண்டு பாட்டில் வாங்க வேண்டாம்' என்று எழுதிவைத்தாள்.

நான் இதையெல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நிபுணர் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, உலகத்துலயே வாங்காதேன்னு விளம்பரம் பண்ற முதல் கடை இதான்" என்றான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

விவரத்தைக்கூட மாற்றிவிடலாம். போனை என்ன செய்வது? ஆர்டர் வந்ததும் நாம் ஏற்றுக்கொண்டால்தான் முகவரியும் நம்பரும் தெரியும். ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குகிறவரால் ரத்து செய்ய முடியாது, கடைக்காரர்தான் செய்ய வேண்டும். அக்கா ஏற்றுக்கொள்வாள், நம்பரைப் பார்ப்பாள், உடனே போன் போடுவாள். முடி எப்படி, தண்ணீர் எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் யாருக்காவது வழுக்கையா என்று குடைந்தெடுப்பாள். கடைசியில் பாதிப் பேருக்கு அவர்கள் கேட்ட பொருள் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வாள். ஒரு அம்மாள் பொடுகு ஷாம்பு கேட்டிருந்தாள். அவளைத் தோல் டாக்டரிடம் போகச் சொல்லி, எந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது என்பதையும் சொல்லி அனுப்பினாள். ஒரு ஆள் தன் மனைவிக்குப் பரிசாகக் கலர் கேட்டிருந்தான். "அவங்க கேட்டாங்களா, நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டு, அந்த மனிதன் திக்கித் திணறி, அதுவும் ரத்து.

இதில் தளத்துக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. புதுக் கடைக்கு முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் கடைக்காரர் பக்கமிருந்து பத்து ரத்து வரை பொறுத்துக்கொள்வார்கள். பதினோராவது விழுந்தால் கடை மூடப்படும், மேல்முறையீடு கிடையாது. நிபுணர் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னான், நான் அக்காவிடம் முப்பது தடவை சொன்னேன். அவள் தலையை ஆட்டுவாள். தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த நம்பரைப் போடுவாள்.

எட்டு. ஒன்பது. பத்தாவது விழுந்த அன்று திரையில் சிவப்புப் பட்டை வந்தது. 'இது உங்களுக்கு இறுதி எச்சரிக்கை.' நான் ஒரு வாடிக்கையாளரின் முன்முடியை வெட்டிக்கொண்டிருந்தேன். செல்போனில் அதைப் பார்த்ததும் கத்தரிக்கோல் சறுக்கி ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. இதுதான் இப்போதைய மோஸ்தர் என்று சமாளித்து அனுப்பிவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

அக்கா பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாச்சு" என்றேன்.

"தெரியும். அந்தப் பொண்ணு மாசமா இருக்காடி. இந்த நேரத்துல அந்தக் க்ரீமை..."

"யாரு எப்படி இருந்தா உனக்கென்ன? மூணு மாசம்தான் டைம்னு உனக்குத் தெரியாதா? யாருக்காக இந்தக் கடையைத் திறந்தேன்? எனக்கு இதைப் பார்க்க நேரமிருக்கா? உன் கையால இனிமே ஒண்ணும் முடியாதுன்னுதானே இதைத் தொடங்கினேன். இதையும் இப்படி வாயால கெடுக்கிறியே!"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லியாகிவிட்டது. வெளியே காத்திருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அக்கா தன் கையைப் பார்த்தாள், உறையின் விரல் நுனியில் களிம்பு ஊறி மஞ்சளாகியிருந்தது. மடித்த பெட்டியை மற்றப் பெட்டிகளின் மேல் வைத்தாள்.

"சரி. இனிமே நான் ஒரு ஆர்டரைக்கூட ரத்து பண்ண மாட்டேன். போதுமா?"

போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு சாப்பாட்டில் அவள் என்னிடம் உப்பு கேட்டாள், நான் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. உப்பைக் கொடுத்தால் கேட்ட மாதிரி.

அதன் பிறகு ஒரு ரத்துகூட விழவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று இருந்தது பத்தானது, பதினைந்தானது. கடைக்கு விழுகிற நட்சத்திரம் ஐந்துக்கு நாலே முக்காலைத் தொட்டது. வாங்கினவர்களே திரும்ப வாங்கினார்கள், அவர்கள் அக்காள் தங்கைக்கும் சொன்னார்கள். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என்று பார்சல் வண்டி இரண்டு தடவை வந்தது. நிபுணர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லாம் தான் போட்ட போட்டோக்களால்தான் என்றான். அக்கா பார்சலுக்குப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பார்த்தியாக்கா? நீ போனை வெச்ச, வியாபாரம் தானா நடக்குது. இதை அன்னைக்கே கேட்டிருந்தா எனக்கு இத்தனை ரத்தக்கொதிப்பு வந்திருக்குமா?" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வேன்.

"ம்" என்பாள்.

அண்ணனிடம் போனில் பெருமையடித்தேன். அவன், "பரவாயில்லையே, இன்னும் பத்து நாள்தான் இருக்கு, அப்படியே ஓட்டிடுங்க" என்றான். பத்து நாள்! பத்து நாளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டால் அக்கா இங்கேயே இருந்துவிடுவாள். நான் நாள்காட்டியில் தினமும் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தேன்.

ஆறு நாள் பாக்கி இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, அக்கா தோல் டாக்டரிடம் போயிருந்தாள். வாராவாரம் கையைக் காட்டிக் களிம்பு வாங்கி வருவாள். அவள் கட்டிவைத்த பதினான்கு பார்சலும் பின்னறை மேஜையில் வரிசையாக இருந்தன. பதினொரு மணிக்கு வண்டிக்காரர் வந்தார். ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், அன்றைக்கு அது என் தலையில் விழுந்தது. கடையில் ஒரு தலை நீராவிக்குள் இருந்தது, ஒரு தலை காத்திருந்தது. ஆர்டர் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

ஒன்பதாவது ஆர்டர், நேராக்கும் க்ரீம், இரண்டு டப்பா. பக்கத்தில் வாங்குகிறவர் எழுதியிருந்த குறிப்பு. 'மகளுக்கு ஏழு வயது. ரொம்பச் சுருட்டை. திங்கள்கிழமை பள்ளியில் போட்டோ எடுக்கிறார்கள். அதற்குள் வந்துவிட வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் அனுப்பவும்.'

ஏழு வயது.

நாங்கள் கடை தொடங்கிய வருடம் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலேயே யாரோ க்ரீம் போட்டு, சொன்ன நேரத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். உச்சந்தலை வெந்துபோயிருந்தது. அக்கா அந்தப் பிள்ளையை மடியில் கிடத்தி ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருந்தாள், பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அந்தப் பிள்ளை கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பெட்டியைப் பார்த்தேன். அக்கா ஒழுங்காக ஒட்டி, லேபிள் போட்டு, தயாராக வைத்திருந்தாள். இதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டாள். படித்துவிட்டும் கட்டியிருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் நான். ஒரு ரத்துகூடச் செய்ய மாட்டேன் என்று அவளைச் சொல்லவைத்தவள் நான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தலைக்குக்கூடத் தெரிந்து கெடுதல் செய்யாதவளை இப்படி ஆக்கிவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. டாக்டர் அறைக்குள் போனால் அணைத்துவிடுவாள். மறுபடியும் போட்டேன். அந்தத் தாயின் நம்பருக்கும் போட்டேன், அடித்து அடித்து நின்றது.

"மேடம், ஏத்தட்டுமா? இன்னும் எட்டு கடைக்குப் போகணும்" என்றார் வண்டிக்காரர்.

"ஒரு நிமிஷம்ப்பா."

"இதையேதான் அஞ்சு நிமிஷமா சொல்றீங்க."

கொடுக்காமல் நிறுத்திவைத்தாலும் அது ரத்துதான், தளம் தானே எழுதிக்கொள்ளும். கொடுத்தால் சனிக்கிழமை போய்ச் சேரும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் தலையில் தேய்ப்பார்கள். கொடுக்காவிட்டால் பதினொன்று. இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறே நாள்! பெட்டியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். கடவுளே, ஏன் இந்த அம்மாள் அடுத்த வாரம் வாங்கியிருக்கக் கூடாது என்று வாய்விட்டே திட்டினேன். நீராவிக்குள்ளிருந்த தலை, "என்னைச் சொல்றீங்களா?" என்று கேட்டது.

ரத்துப் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். காரணம் கேட்டது. பட்டியலில் ஐந்து காரணம் இருந்தன, ஒன்றும் என் காரணம் இல்லை. 'சரக்கு இல்லை' என்பதைத் தொட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரை வெள்ளையானது. 'உங்கள் கடை மூடப்பட்டுள்ளது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி' என்று வந்தது. கீழே ஒரு சிரிக்கிற முகம் வேறு. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

மீதிப் பதிமூன்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். அந்த ஒரு பெட்டி மேஜையில் இருந்தது. நான் இரண்டு தலைகளையும் எப்படி முடித்து அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இதை ஏன் அனுப்பலை?"

"ரத்து பண்ணிட்டேன்."

"என்னது?"

"நான்தான் பண்ணினேன். அக்கா, ஏழு வயசுப் பிள்ளை, அது தலைக்கு அந்தக் க்ரீமை எப்படி அனுப்பறது? கடையை மூடிட்டாங்க. மூடினா மூடட்டும்." சொல்லும்போதே மனதுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. இவள் கட்டிப்பிடித்துக்கொள்வாள், கடைசியில் உனக்கும் புரிந்ததே என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, வெடித்த கையால், உறையோடு, படீரென்று.

"அடிப்பாவி! ஒரு தடவை பிரிச்சுப் பார்த்தியாடி?"

பிளேடை எடுத்துப் பெட்டியைக் கீறினாள். உள்ளே க்ரீம் இல்லை. சுருட்டை முடிக்கான கண்டிஷனர் இரண்டு, அகலப் பல் வைத்த சீப்பு ஒன்று, அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள். 'நுனியிலிருந்து மேலே வரவும். ஈரத்தில் மட்டும் சீவவும். பிள்ளை அழுதால் நிறுத்திவிடவும்.'

"நேத்து முக்கால் மணி நேரம் அந்தம்மாகூட பேசியிருக்கேன். முதல்ல சண்டைக்கு வந்தாங்க, அப்புறம் அழுதாங்க, அப்புறம் சரின்னாங்க. விலையும் ஒண்ணுதான். க்ரீமுக்குப் பதில் இதை வைங்கன்னு அவங்களே சொன்னாங்க. இதைப் போய் ரத்து பண்ணியிருக்கியே!"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "இனிமே பேச மாட்டேன்னு சொன்னியே?"

"ரத்து பண்ண மாட்டேன்னுதான் நான் சொன்னேன். பேச மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

"அப்ப இத்தனை நாளா?"

"இத்தனை நாளாத்தான். பாதிப் பேருக்குப் பெட்டிக்குள்ள மாத்தித்தான் வெச்சேன், அவங்ககிட்ட கேட்டுட்டு. நீ முன்னாடி வேலையா இருக்கறப்ப மாடிக்குப் போய்ப் பேசுவேன். இல்லாட்டி உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு நாலே முக்கால் நட்சத்திரம்? அந்த நிபுணர் போட்டோவுக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. ஐந்து வாரமாக நான் அடித்த பெருமை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து மானத்தை வாங்கியது. 'நீ போனை வெச்ச, வியாபாரம் தானா நடக்குது.' இவளிடமே சொல்லியிருக்கிறேன். இவளும் 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்கா போனை வாங்கி, மூடின கடையைப் பார்த்தாள். அந்தச் சிரிக்கிற முகத்தையும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கிவிட்டது, இறங்கின பிறகு முகத்தில் வேறொன்று வந்தது. கோபமே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"சரி, விடு. உன்மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றாள். "அண்ணனுக்கு போன் போடு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மேஜையில் கிடந்த பசைநாடா, பேனா, மீந்த லேபிள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எடுத்துப் போட ஆரம்பித்தாள். அன்றைக்குக் கத்தரிக்கோல்களைத் துடைத்து வைத்தாளே, அதே நிதானம். எனக்குப் பொறுக்கவில்லை.

"போகாத."

"என்னடி?"

"போகாதக்கா. எனக்கு நீ இங்க இருக்கணும். பார்சல் கட்டறதுக்கு இல்ல, விக்கறதுக்கு இல்ல, எதுக்கும் இல்ல. காலையில நான் கீழே வர்றப்ப நீ இந்த நாற்காலியில உக்காந்து என்னைத் திட்டணும். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமா நீ இல்லாம நான் இந்தக் கதவைத் திறந்ததில்ல. திறக்கவும் தெரியாது. கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். போகாத."

அழுதுகொண்டே கத்தினேன், கத்திக்கொண்டே அழுதேன். காத்திருப்போர் பெஞ்சில் யாராவது இருந்தார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. அக்கா பசைநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"பாரமா இருக்காதா?"

"நீயா? எனக்கா?"

"ஏய், நிஜமாவா சொல்றே? கடைக்காகத்தான் என்னை வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"உனக்காகத்தான்க்கா கடையையே வெச்சேன்!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் பத்தொன்பது வருடச் சலிப்பும் இருந்தது.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? முந்நூறு பெட்டி மடிச்சேன்டி, இந்தக் கையை வெச்சுக்கிட்டு."

என் போனிலிருந்து அவளே அண்ணனைக் கூப்பிட்டாள். சத்தமாக வைத்தாள், எனக்கும் கேட்டது.

"அண்ணா, நான் வரலை."

"அட, ரொம்ப சந்தோஷம்! அப்ப கடை ஓடிடுச்சு?"

"இல்லண்ணா. கடையை மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா? கடை ஓடலைன்னா வர்றேன்னுதானே பேச்சு?"

"ஆமா, பேச்சு அதுதான். ஆனா வரலை."

"ஏன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ என்னைப் போகாதேன்னு சொல்லிட்டா" என்றாள்.

"அவ்வளவுதானா? இதுக்கா மூணு மாசம்?" என்று அண்ணன் கத்தினான். பின்னால் இரட்டையர்களில் ஒன்று எதையோ போட்டு உடைத்த சத்தம் கேட்டது.